மல்லாக்கு போட்ட பாதை

கொல்லிமலையில் நின்றுகொண்டு உழைத்த அத்தனை பேரையும்விடப் படுத்துக்கொண்டு அதிகம் உழைத்தவர் மல்லாக்குதான். இல்லை என்பவன் அந்த மலையை ஏறிப் பார்க்காதவன்.

வெள்ளைக்காரன் காலம். அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கிற சோளக்காடு என்ற ஊருக்குப் பொதிக்குதிரை ஏறுகிற மாதிரி பாதை வெட்டினோம். நான் மேஸ்திரி. வாயைத் திறந்தால் திட்டுதான் வரும். இப்போதும் அப்படித்தான். மல்லாக்கு மலைக்காரர், மேலே எடப்புளி நாட்டில் சாமை விதைக்கிறவர். எந்த வேலைக்கு முன்னாலும் மல்லாக்கப் படுப்பார். அதனால் அந்தப் பேர். சொந்தப் பேரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பாதை வேலைக்கு வந்த முதல் நாளே படுத்துவிட்டார். நாலு பேர் ஒரு பாறாங்கல்லைக் கடப்பாரையால் நெம்பி மூச்சு வாங்கினார்கள். இவர் பக்கத்தில் படுத்து, தன் உடம்போடு பேச ஆரம்பித்தார்.

“முட்டி, போதும் கண்ணு, ஓய்வெடு. இடுப்பு, உனக்கும் இப்போ சோலி இல்ல. தோளு, எறக்கி வை சாமி.”

“யோவ், படுக்கறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?”

“நீங்க போட்ட சத்தத்துல தோளு மறுபடி ஏறிக்கிச்சுங்க மேஸ்திரி. இனி மொதல்ல இருந்து வரணும்” என்றவர், முட்டிக்கே திரும்பிப் போனார்.

பிறகு எழுந்தார். கல்லின் கீழ்ப்புறத்து மண்ணைக் கொஞ்சம் பறித்தார். கல் தானாகப் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. நான் அந்த நாலு பேரையும் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டுமே.

இன்னொரு நாள் வேலித் தகராறுக்கு அவர் மச்சான் தடியோடு வந்தான். இவர் வாசலிலேயே படுத்துவிட்டார். படுத்திருப்பவனை எப்படி அடிப்பது? மச்சான் நின்று பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான், பசி வந்து அக்கா போட்ட களியையும் தின்றான். கடைசியில் எழுந்த மல்லாக்கு, “வேலி எதுக்கு மாப்ளே? அங்க ஒரு பலாக்கன்னு வெப்போம். பழம் ரெண்டு ஊட்டுக்கும்” என்றார். மச்சான் அந்தத் தடியாலேயே குழி தோண்டிவிட்டுப் போனான்.

அப்புறம் வந்தது என் சனியன். பாதி மலை ஏறியதும் பாதை ஒரு செங்குத்துப் பாறையில் முட்டி நின்றது. ஓவர்சியர் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வருவேன். பாதைக்குக் குறியா அடிக்கிற முளை வரிசை இந்தப் பாறையைத் தாண்டியிருக்கணும். இல்லேன்னா வேற மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் இடப்பக்கம் போனேன், வலப்பக்கம் போனேன், பாறையை உதைத்தேன். விரல் வீங்கியது.

“ஏனுங்க மேஸ்திரி, செத்த நேரம் படுங்க” என்றார் மல்லாக்கு.

வேலை போகப்போகிறவனுக்கு என்ன வெட்கம்? படுத்தேன்.

“எறும்பு கடிக்குதுய்யா!”

“கடிக்கட்டுங்க. நீங்க திருப்பிக் கடிக்காம இருந்தாப் போதும். பல்ல விடுங்க. அது எதுக்கு ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு நிக்குது?”

அப்போதுதான் தெரிந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். விட்டேன். மூச்சு கீழே இறங்கியது. ஓடைச் சத்தம் கேட்டது. மூன்று நாளும் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது, என் காதில் விழவில்லை.

மல்லாக்கு எழுந்து உட்கார்ந்தார். “மேலே போறதுக்கு ஏனுங்க ஏறிக்கிட்டே இருக்கணும்? கொஞ்சம் எறங்குவமே.”

அடிவாரத்து ஆட்களான எங்கள் புத்தி அதுதான். கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தில் ஓர் அடியைக்கூடத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. மலைக்காரருக்கு அந்தப் பேராசை இல்லை. பாதையை ஓடைவரை இறக்கினார், பாறையின் முதுகுப்பக்கம் சுற்றினார், சரிவு மெதுவாக மேலே போனது. வியாழன் பொழுது சாய்வதற்குள் முளை அடித்து முடித்தோம்.

வெள்ளிக்கிழமை ஓவர்சியரின் குதிரை எங்கும் நிற்காமல் கடைசி முளைவரை ஏறியது.

“பலே! யாருய்யா இந்தப் பாதை போட்டது?”

‘நான்தான் சார்’ என்று சொல்வதாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. ஆனால் வாய் திறந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்க ஆளு சார், மலைக்காரரு” என்றேன்.

“கூப்பிடு அவனை.”

மரத்தடியில் மல்லாக்கு கண்ணை மூடிக் கிடந்தார். ஓவர்சியருக்கு முகம் சிவந்தது. “வேலை நேரத்துல தூக்கமா? டேய்!”

“சத்தம் போடாதீங்க சார்” என்றேன், நான். “அடுத்த ஓடையைத் தாண்ட வழி பார்த்துட்டிருக்காரு.”

ஓவர்சியர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பாதையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு கல்மேல் உட்கார்ந்து, மெதுவாக, “எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றேன்.

வெயில் நகர்ந்து மல்லாக்கின் முகத்துக்கு வந்திருந்தது. என் நிழல் அவர்மேல் விழுகிற மாதிரி தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.