மந்திரித்த காருக்குக் கடல் தந்த தீர்த்தம்

சூலூர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய வின்ஸ்டன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் லின்சி தலைகுனிந்து எழுதிக்கொள்வது. (எழுதும்போது எப்படியும் குனியத்தான் வேண்டும்.) இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் புதுக் கார் சுகமா என்று நீங்கள் இன்னும் கேட்காததற்கு மிக்க நன்றி. போனில் சொன்னால் நடுவில் கத்துவீர்கள்; அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டிக்குப் பெண் பார்க்க அந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும், அதற்குள் வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் மந்திரித்து வையுங்கள் என்று பெங்களூரிலிருந்து சொன்னீர்கள். சாவியை அப்பாவிடம் கொடுக்கவும் நீங்களேதான் சொன்னீர்கள். மந்திரிப்பு அருமையாக நடந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், அம்மா மாலை போட்டார், அப்பாவுக்கு மட்டும் மனக்குறை. "இத்தன தூரம் வந்துபோட்டு நாலு சொட்டுத்தானா? முன் சக்கரத்தையாவது கடல்ல நனைச்சுப்போட்டுப் போலாம்" என்றார். 'வாகனங்கள் செல்லக் கூடாது' என்ற பலகையை அம்மா சத்தமாகப் படித்துக் காட்டினார். "அது சுத்திப் பாக்க வாரவங்களுக்கு. நாம வேண்டுதலுக்கு வந்திருக்கறோம்." "மணல்ல ஓட்டத் தெரியுமாங்க?" "சின்ன வயசுல இருந்து தறி ஓட்டறவன் நானு. அதுவுமில்லாம, அந்தக் காலத்துல புயல்ல சிக்குன கப்பலையே காப்பாத்துன மாதா ஒரு காரைக் காப்பாத்த மாட்டாங்களா?"

கார் நன்றாகத்தான் ஓடியது, நிற்கும் வரை. பிறகு அப்பா முன்னால் போகச் சொல்லச் சொல்ல அது கீழே போனது. அப்போது பார்த்து ஒரு பெரிய அலை. அப்பா கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, இருங்க, இருங்க, வந்துபோடாதீங்க!" என்று அலையிடமே கெஞ்சினார். கடலுக்கு நம் பக்கத்து மரியாதை பழக்கமில்லை போலிருக்கிறது. உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. பெண் வீட்டுக்குக் கொடுக்க அம்மா சென்னிமலையில் தேடித் தேடி எடுத்த பெட்ஷீட்டுகளை அப்பா சக்கரத்துக்கு அடியில் விரித்தார். ரத்தினக் கம்பளம் விரித்தாலும் வராத விருந்தாளி உண்டல்லவா? அந்த வகை. கடைசியில் படகுகளைக் கரைக்கு இழுக்கும் டிராக்டர்காரர் அமீர் ஹம்சா வந்து, "படகு கடலுக்குப் போகும், சரி. கார் எதுக்குண்ணே போச்சு?" என்றார். அப்பா கூசாமல், "மந்திரிக்கத்தானுங்க" என்றார். கயிறு கட்டி இழுத்ததில் முதலில் பின் பம்பர் கரை சேர்ந்தது. கார் அடுத்த இழுப்பில் வந்தது.

லாரியில் சவாரி செய்து ஊர் திரும்பிய உங்கள் கார், மந்திரித்துவிட்ட கோழி மாதிரி வாசலில் நிற்கிறது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுகிறது. கதவைத் திறந்தால் கருவாட்டு வாசம். சந்தைக்குப் போகாமலே சந்தை. அப்பாவிடம் இதற்கும் ஒரு யோசனை உண்டு: பெண் வீட்டு முக்கு வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஏறி உட்கார்ந்து கெத்தாக இறங்குவதாம். எனக்கென்னவோ நீங்கள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்வது நல்லது. பெண் வீட்டுக்கு இந்தச் சங்கதி ஒரு துளிகூடத் தெரியப்போவதில்லை. அதற்கு நான் பொறுப்பு.

மாதா உங்களையும் உங்கள் வண்டி இன்சூரன்சையும் ஒருசேரக் காப்பாராக.

பணிவுள்ள மருமகள்,
லின்சி தாமஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது போன் வந்தது. நான் கடற்கரையில் எடுத்து அன்றைக்கே எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்ட வீடியோவைப் பெண்ணே பார்த்துவிட்டார். பெண்ணான டெய்சி அக்காவேதான் போனில் பேசினார். "ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு இருக்கறது மாப்பிள்ளையா கண்ணு?" "இல்லீங்க்கா, எங்கப்பா." "அப்பாடா! அப்ப மாப்பிள்ளைய பஸ்ஸுலயாவது வரச் சொல்லு. உங்கப்பா வண்டி ஓட்டீட்டு வாரதா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிப்போடு கண்ணு. எங்க ஊட்டு முன்னால கெணறு இருக்குது."