துண்டு பாய் பிடித்த இடம்

மதுரையில் ஓடுகிற பஸ்களில் துண்டு பாயின் துண்டு நுழையாத ஜன்னலே கிடையாது. பஸ் நிற்பதற்குள் அந்தப் பச்சைத் துண்டு பறந்துபோய் ஸீட்டில் விழும். அப்புறம் அதில் உட்கார எவனுக்கும் துணிச்சல் வராது. பஸ் மட்டுமா? டீக்கடை பெஞ்சு, சலூன் நாற்காலி, கல்யாணப் பந்தி என்று எங்கேயும் அவருக்கு முன்னால் துண்டு வந்துவிடும். காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவரும் நானும் வேலை பார்த்தோம்.

அழகர்கோவில் சாலையில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். அங்கே தராசை நடத்துவது ஓர் அரதப் பழைய கம்ப்யூட்டரும் அதற்குள் செருகிய தராசு கார்டும். எடை உடனுக்குடன் டவுன் ஆபீஸுக்குப் போகட்டும் என்று, ஒரு மதியம் பாய் என்னையும் கூட்டிப்போய் அதில் நெட்வொர்க் கார்டு ஒன்றையும் பொருத்தினார்.

சாயங்காலப் பால் வந்தது. கேனைத் தூக்கி வைத்தால் திரையில் பூஜ்யம். எடை போடாத பாலைக் குளிரூட்டும் தொட்டியில் ஊற்ற விடமாட்டார்கள். வெயிலோ இறங்கவில்லை. வரிசை சாலைவரை போய்விட்டது.

முதல் கேனோடு நின்றவர் பாண்டியம்மா. "எம்புட்டு நேரம் பாய்? ஒரு தடவ திரிஞ்சாலும் நாளையிலருந்து எம் பால எடுக்க மாட்டாக!"

"திரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் இவுக கையில ஒப்படைச்சிருவேன்" என்றார் நிலையப் பொறுப்பாளர்.

பாய் நெற்றியைத் துடைத்தார். "புரிஞ்சிருச்சு மாப்ள. டிரைவர்ன்னு ஒரு புரோகிராம் இருக்குல்ல, அதுக்குத் தன்னோட நெட்வொர்க் கார்டு எந்த நம்பர் வீட்டுல இருக்குன்னு தெரியல. ஒவ்வொரு கதவா தட்டிப் பாக்குது. தராசு கார்டையும் தட்டியிருக்கு. அது வாயடைச்சுப் போச்சு."

"கத கேக்கவா வந்தோம்?" என்றார் பாண்டியம்மா.

நெட்வொர்க் கார்டு இருக்கும் நம்பரை டிரைவருக்கு எழுதிக் கொடுத்து, மெஷினை அணைத்துப் போட்டார் பாய். மறுபடியும் பூஜ்யம். பொறுப்பாளர் கேன் மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடியைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு கார்டு கெடைச்ச பெறகும் இன்னொண்ணு இருக்குமோன்னு தேடுது கழுத!" என்றார் பாய்.

பெட்டியைக் கழற்றினார். தராசு கார்டில் நம்பரைக் குறிக்கும் குட்டி ஊசிகளைக் குனிந்து பார்த்து, அது குடியிருக்கும் நம்பரைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் படிக்கும் வரியில், 'இந்த இடத்தைத் தேடிப் போகாதே' என்று பொருள்படும்படி அந்த நம்பரைச் சேர்த்தார். அதோடு விட்டாரா? தோளில் கிடந்த துண்டையும் எடுத்துப் பெட்டியின் மேல் விரித்தார்.

"பாய், பெட்டி சூடாயிரும்" என்றேன்.

"தொட்ட, கை இருக்காது."

திரை விழித்தது. பாண்டியம்மா கேனை வைத்தார். பூஜ்யம். பிறகு எண்கள் குதித்தன, ஓடின, நின்றன.

பொறுப்பாளர் ஒரு கரண்டிப் பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்தார். திரியவில்லை. "ஊத்துங்க" என்றார்.

"அந்தத் துண்ட எங்க தொழுவத்துலயும் வந்து போடுங்க பாய், மாடு சண்ட போடாம நிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பாலைக் கவிழ்த்தார் பாண்டியம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பாய் முன்னால் ஓடி ஜன்னலில் துண்டை வீசினார். கிடைத்தது ஒரே ஸீட்டு.

"உக்காரு மாப்ள."

மதியத்திலிருந்து நின்றே வேலை பார்த்த மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் என்னைக் கிண்டலடித்தபடி வந்தார். யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில், துண்டு போட்டுப் பிடித்த ஸீட்டில் பாய் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.