இடைப்பருவ ஸ்வெட்டர் தேர்வுக் குழு

காரைக்குடியில் குளிர் உண்டா இல்லையா என்று நெடுங்காலமாக யாரும் கேட்டதில்லை. சென்ற ஐப்பசியில் கேட்க வேண்டி வந்தது. மரபுக் கட்டட அனுமதி அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. வெயிலும் கடுங்குளிரும் இல்லாத இடைப்பருவத்தில் வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வருவதால், பணியாளர்கள் 'மென்கம்பளி மேலாடை' அணிந்து காட்சி தர வேண்டும். உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கனம், நிறம் ஆகியவற்றைத் தேர்ந்து பதினைந்து நாளில் தெரிவிக்க வேண்டும். அதாவது, லேசான ஸ்வெட்டர்.

அலுவலர் ஸ்ரீநிவாசன் அதை இரண்டு முறை படித்தார். கண்காணிப்பாளர் மரிய ஜெரால்டு ஒரு முறை படித்துவிட்டு மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

"சார், இங்க குளிரே கிடையாதே. தேவையில்லைன்னு ஒரு வரி எழுதிருவமா?"

"எழுதலாம். குளிர் இல்லைன்னா இடைப்பருவம் இல்லை. இடைப்பருவம் இல்லைன்னா பயணிகள் வரக் காரணம் இல்லை. பயணிகள் இல்லைன்னா இந்த ஆபீஸ் எதுக்குன்னு அடுத்த கடிதம் வரும். நீங்க ரிட்டையராக எத்தனை வருஷம் இருக்கு?"

"நாலு, சார்."

"அப்ப குளிருது."

இருவரோடு இளநிலை உதவியாளர் மெர்சியையும் சேர்த்துக் குழு அமைந்தது. திருப்பூரிலிருந்து ஆறு மாதிரிகள் வந்தன. வட்டக் கழுத்தா, வி கழுத்தா என்பதில் நான்கு நாள் போயிற்று. நிறத்தில் அலுவலர் உறுதியாக இருந்தார்.

"ஓட்ஸ் நிறம்தான் இப்ப ஃபேஷன்."

"காய்ச்சல்ல குடிக்கிற கஞ்சி மாதிரி இருக்கு சார்," என்றார் மெர்சி. அக்கருத்து பதிவு செய்யப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

கருத்துச் சொன்னவர் என்பதால் போட்டுப் பார்க்கும் பொறுப்பும் மெர்சிக்கே வந்தது. பத்து மணிக்குப் போட்டார். பத்து நாற்பதுக்குக் கோப்பின் மேல் வேர்வை சொட்டியது. 'அணிந்தவர் நலமாக இல்லை' என்று அவர் எழுதிய குறிப்பை அலுவலர் திருத்தினார்: 'மேலாடையில் குறையில்லை. வானிலை ஒத்துழைக்கவில்லை.' வானிலையை ஒத்துழைக்க வைக்க ஏசி பதினெட்டுக்கு இறக்கப்பட்டது. குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவு சாத்தப்பட்டது. கதவில் 'சோதனை நடைபெறுகிறது' என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

கதவுக்கு வெளியே மனுக்காரர்களோடு தேனம்மை ஆச்சி நின்றிருந்தார். நாற்பத்திரண்டு வயது. கானாடுகாத்தானில் மாமனார் வீட்டை எட்டு அறை ஓட்டலாக்கி நடத்துகிறார். மூன்றாம் அறைக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகியது. பழைய வீடு என்பதால் ஓடு மாற்றவும் அனுமதி வேண்டும். நான்கு மாதமாக அலைகிறார், மழை தொடங்கிவிட்டது.

நடுப்பகலில் மெர்சி கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்.

"என்ன மெர்சி, வெயில்ல ஸ்வெட்டரோட நிக்கிறீக?"

"உள்ள குளிருது ஆச்சி. ஏசி."

"ஏசியைக் குறைக்கலாமுல்ல?"

"குறைச்சா ஸ்வெட்டருக்குள்ள வேகுது."

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். அலுவலர் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் போதும் என்பது அவர் கணக்கு. "எங்க வீட்டு மூணாம் ரூம்புல நெசமாவே குளிருது. வந்து பாக்கச் சொல்லுங்க."

இயற்கைக் குளிர் என்று மெர்சி போய்ச் சொன்னதும் அலுவலர் எழுந்துவிட்டார். மறுநாள் குழு முழுதும் ஸ்வெட்டர் அணிந்து கானாடுகாத்தான் போயிற்று. நல்ல மழை. மூன்றாம் அறையின் நடுவில் அலுவலர் நின்ற இடத்தில், நேராக அவர் பிடரியில், கூரை ஒழுகியது. அவர் நகரவில்லை. கால் மணி நேரத்தில் ஸ்வெட்டர் முழுக்க நனைந்து பல் கிட்டியது.

"மிஸ்டர் ஜெரால்டு, எனக்குக் குளிருது," என்றார். குரல் தழுதழுத்தது.

ஆச்சி துண்டும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்து மேலே காட்டினார். "இந்த ஓட்டை மாத்தத்தான் சார் நாலு மாசமா அலையுறேன்."

"மாத்தறதா? மாவட்டத்துலயே அத்தாட்சியோட குளிர்ற ஒரே இடம்மா இது. மூணு பருவத்துக்கு இந்த ஓட்டுல யாரும் கை வைக்கக் கூடாது."

தடை உத்தரவு இரண்டே நாளில் வந்தது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக எதுவும் வந்ததில்லை.

தன்னால் வந்த வினை என்று மெர்சிக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனார். ஆச்சி கோபமாக இல்லை, வேலையாக இருந்தார். உத்தரவின் நகலைச் சட்டம் போட்டு அறை வாசலில் மாட்டியிருந்தார். கட்டிலில் ஓட்ஸ் நிறத்தில் இரண்டு ஸ்வெட்டர், நடுவில் ஒழுகும் இடத்தில் ஒரு பித்தளை அண்டா.

"அரசு அங்கீகாரம் பெற்ற குளிர் அறைன்னு விளம்பரம் போட்டேன். தை முடிய இடமில்ல. மெட்ராஸ்லேருந்து வந்து அண்டா பக்கத்துல உக்காந்து போட்டோ எடுத்துக்கிறாக. ஒழுகாத ஏழு ரூம்பும் காலியாக் கெடக்கு."

செய்தி பரவியது. இப்போது கானாடுகாத்தானிலும் சுற்றுப்பட்டிலும் நல்ல கூரை உள்ளவர்கள் எல்லாம், நான்கு ஓடு பிடுங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். எத்தனை ஓடு பிடுங்கினால் எவ்வளவு குளிரும் என்று ஆராய்ந்து சொல்ல அலுவலகம் ஒரு குழு போட்டிருக்கிறது.

என்னுடையது முப்பத்தெட்டாவது மனு. என் வீடு கான்கிரீட் கூரை என்பதால், எனக்குத் தனிக் குழு.