வயலின் பிடித்த வீடு

நாற்பது நிமிடமாக வயலின் அழுதுகொண்டிருந்தது. பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காபி குடித்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"பிரமாதம்" என்றார். வேறென்ன சொல்வார், பாவம்?

மூன்று மாதம் முன்பு, அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதில் ஆரம்பித்த சண்டையில் இருவரும் பதினோரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை; எதுவானாலும் வேலைக்கார அக்கா மூலம்தான். பன்னிரண்டாம் நாள் சமையலறை இணைய ரேடியோவில் இந்த வயலின் கேட்டது. திரையில் 'பிடித்திருக்கிறது' என்று இதயக்குறி வேறு. இவ்வளவு சோகமாகக் கேட்கிறாளே, மனசு எப்படி வாடிப்போயிருக்கும் என்று டாக்டருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. "காபி போடட்டுமா?" என்று அவரே பேச்சை ஆரம்பித்தார். அன்றோடு சமாதானம். அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவள் சந்தோஷப்படட்டும் என்று அடுத்த வயலினுக்கு அவரே இதயக்குறி போட்டார். ஒருவருக்கு எது பிடிக்கிறதோ அதையே தேடிக் கொடுக்கிற ரேடியோ அது. 'உங்களுக்காகவே' என்று வயலினாகக் கொட்டியது.

கிளினிக்கிலும் அதே ரேடியோ கணக்குதான். காத்திருந்த ஒருவர் உதவியாளரிடம், "உள்ள யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, ஆடுகிற பல்லோடு எழுந்து போய்விட்டார்.

டாக்டர் பதறிப்போய், ரேடியோவில் வந்த வயலினையெல்லாம் பாதியிலேயே தள்ளிவிட்டார். சின்னதாக இருப்பதால்தான் பிடிக்கவில்லை என்று ரேடியோ நினைத்துக்கொண்டதோ என்னவோ, அதன்பின் வந்ததெல்லாம் ஒரு மணி நேர வயலின்.

மனைவியின் பிறந்தநாள் வந்தது. மனுஷன் துணிந்து ஒரு வயலினே வாங்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அவள் அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்தாள்.

"ஆறு மணி நேர வயலின் கச்சேரி. உங்களுக்குத்தான் வயலின்னா உயிராச்சே."

"எனக்கா? உனக்குத்தானே பிடிக்கும்? அன்னிக்கு நீதானே போட்ட?"

"நான் எங்க போட்டேன்? நீங்கதான் வாய்விட்டுச் சொல்ல முடியாம வயலின் போட்டு ராசிக்கு வர்றீங்கன்னு நினைச்சேன். அதான் தினமும் இதயத்தை அமுக்கிட்டு, கூடவே ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கறேன்."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே சந்தேகம்.

"அப்ப முதல்ல போட்டது யாரு?"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா குழாயை மூடினார்.

"பதினோரு நாளா 'அவர்கிட்ட சொல்லு', 'அவகிட்ட சொல்லு'ன்னு ரெண்டு பேரும் என்னை நடுவுல ஓட விட்டீங்களே, எனக்கு வந்த அழுகைக்கு நான்தாங்க போட்டுக்கிட்டேன்."