கட்டுக்குள் இருந்த நிலா

மலாக்கா மாநிலத்திலேயே மணி பார்ப்பதற்காகக் கைக்கடிகாரம் கட்டாத ஒரே மனிதர் எங்கள் ஜாம் அண்ணன்தான். ஜாம் என்றால் ரொட்டியில் தடவுவது அல்ல. மலாய்க்காரர்கள் கடிகாரத்துக்குச் சொல்லும் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அவர் மனைவி பிலோமினா அண்ணிகூட அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்க்கிறோம். பெம்பானில் இருக்கும் அவர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முப்பத்தொரு கைக்கடிகாரங்கள், முப்பத்தொரு விதமான நேரங்கள். எதையும் திருத்த மாட்டார். வேலைக்கு வருவதோ தினமும் தாமதம். கேட்டால், "மணி வேணும்னா போன்ல பாத்துக்க தம்பி. வாட்ச்சு அழகு பாக்குறதுக்கு லா!" என்பார்.

போன வருடம் ஒரு செய்தி வந்தது. கிளேபாங்கில் ஓய்வுபெற்ற சீனப் பல் டாக்டர் ஒருவர் தன் சுவிஸ் கைக்கடிகாரத்தை விற்கப் போகிறார். அதன் முகப்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல்; அதற்குள் ஒரு பொன் நிலா நாளுக்கு நாள் வளர்ந்து தேயும். அந்த ரகத்தைச் செய்வதைக் கம்பெனியே எப்போதோ நிறுத்திவிட்டதாம். ஜாம் அண்ணன் பல வருடங்களாக அதன் படத்தைப் பர்ஸில் வைத்திருந்தவர். பிலோமினா அண்ணியின் படம் அதற்குப் பின்னால் இருந்தது.

"ஒண்ணு காடி, இல்லன்னா ஜாம். ரெண்டும் இந்த வீட்ல இருக்காது," என்றார் அண்ணி.

அண்ணன் அன்றைக்கு மாலையே காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார், விற்பதற்கு.

கிளேபாங்குக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். எங்களுக்கு முன்னால் கோலாலம்பூர்ப் பணக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "வாங்கினால் எங்கே வைப்பீர்கள்?" என்று டாக்டர் மலாயில் கேட்டார். "பேங்க் லாக்கரில்" என்றார் அவர். டாக்டர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். அதே கேள்வி அண்ணனுக்கு வந்தது. அண்ணன் இடது கையை நீட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"தினமும் இது கையில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடப் பெட்டிக்குள் தூங்கக் கூடாது."

அண்ணன் மாதாவின் மேல் சத்தியம் செய்துவிட்டார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. காரை விற்று வாங்கிய ஒன்றைக் கட்டிக்கொண்டு, காரில்லாத மனிதர் பெம்பான் பஸ்ஸில் வர வேண்டும். எவனாவது கையோடு வெட்டிக்கொண்டு போய்விட்டால்?

மறுநாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டோடு வந்தார். திங்கட்கிழமை மோட்டாரிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கையில் தேங்காய் விழுந்தது. புதன்கிழமை நாய் கடித்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரு அக்கா எண்ணெய் புட்டியோடு வந்து, "குடுங்க அண்ணே, உருவி விட்டா சரியா போயிரும்" என்று கையைப் பிடிக்க, மனிதர் இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி வெயிலில் ஓடிவந்தார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியதும் மேனேஜர் பயந்துபோனார். இத்தனை நாள் ஆறாத காயம் என்றால் சும்மாவா? "உடனே கிளினிக் கூட்டிட்டு போ," என்று என்னிடம் உத்தரவு போட்டார்.

கிளினிக்கில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

"வேணாம் டாக்டர். உள்ள ரொம்ப சென்சிட்டிவ்," என்று அண்ணன் கெஞ்சினார்.

கடைசிச் சுற்று அவிழ்ந்தது. டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். வெளியே காய்ச்சல்காரர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கால் மணி நேரம் நிலா தரிசனம் நடந்தது.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல அங்கிள்," என்றார் கடைசியில். "ஆனா இத போய் மூடி வைக்கிறீங்களே, மனசு வருதா உங்களுக்கு?"

அண்ணன் அந்தத் துணியை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டார். மோட்டாரில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம், "பாத்துட்டாங்க லா தம்பி! நல்லா பாத்துட்டாங்க!" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் சட்டைக் கையை மடித்துவிட்டு பஸ் ஏறினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கல்லூரிப் பெண், "பசார் மாலாம்ல வாங்குனதா அங்கிள்? ஒரிஜினல் மாதிரியே இருக்கு லா!" என்றாள். எண்ணெய் அக்கா அதே மாதிரி தன் மருமகனுக்கும் ஒன்று வேண்டும் என்றார். இரவுச் சந்தைச் சரக்கை எந்தத் திருடன் தொடுவான்? அண்ணனுக்கு அதில் பாதி நிம்மதி, பாதி அவமானம்.

இந்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம். மலாக்காவில் கோயில் மண்டபம். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றபோது ஜாம் அண்ணன் வந்து என் வெறுங்கையைப் பார்த்தார். தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார்.

"அண்ணே, சத்தியம் பண்ணியிருக்கீங்க!"

"டாக்டரு கையில இருக்கணும்னாரு. யாரு கையின்னு சொல்லல. பொண்ணோட அப்பா நீ, சும்மாவா நிப்ப?"

தாரை வார்க்கும் நேரம் வந்தது. என் கைமேல் மகளின் கை. ஐயர் சொம்பைச் சாய்க்கப் போகிறார். எனக்குச் சட்டென்று உறைத்தது: தண்ணீர்! கையை இழுக்கப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து, "ஊத்தட்டும் தம்பி!" என்று ஜாம் அண்ணனின் அதட்டல். நாதஸ்வரக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். தண்ணீர் நிலாவின் மேல் வழிந்து ஓடியது.

பந்தி முடிந்ததும் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். "மன்னிச்சுக்குங்க அண்ணே. பூரா நேரமும் பயந்துகிட்டே இதத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"வாட்ச்ச யாரு பாத்தா?" என்றார் ஜாம் அண்ணன். "புள்ளைய குடுக்கறப்ப உன் கை நடுங்கிச்சு. அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு, ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் தோளில் கை போட்டார்.