பிரசாத் பேரில் வந்த சான்றிதழ்

திருவண்ணாமலை,
12.3.1999

மதிப்புக்குரிய மைத்துனர் ராமகிருஷ்ணன் அவர்களுக்கு, ஆதிமூலம் கைகூப்பி எழுதிக்கொள்வது. கீழ்பென்னாத்தூரில் நீங்கள், வீட்டார், போன வாரம் கன்று போட்ட மாடு எல்லோரும் நலமாயிருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். இங்கே உங்கள் தங்கையும் நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தங்கம்மாள் ஒன்பது நாளாக என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. தப்பு என்மேல்தான்.

நம் பிள்ளை பிரசாத் ஐப்பசியில் மஞ்சள்காமாலையில் போனானே, அதற்கு முன்னால் கிராம வனக்குழுவில் பேர் கொடுத்திருந்தான். காட்டை அதன் இயல்பு கெடாமல் பராமரிக்கப் பத்து நாள் பயிற்சி. மரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு படிப்பா என்று அப்போதே அவனைத் திட்டினேன். தை கடைசியில் அவன் பேருக்குக் கடிதம் வந்தது. ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வரத்தான், சத்தியமாக, வேங்கிக்கால் வனத்துறை ஆபீசுக்குப் போனேன். அங்கே கூட்டம் ஜாஸ்தி. மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமல் பேர் என்ன என்றார். பிரசாத் என்று ஆரம்பித்தேன், போய்விட்டான் என்று முடிப்பதற்குள் அவர் டிக் போட்டு ஒரு பச்சைத் தொப்பியையும் நோட்டையும் கையில் திணித்து வெளியே நின்ற வேனைக் காட்டிவிட்டார், பின்னால் வந்தவர்கள் தள்ள, வண்டி நகர்ந்த பிறகுதான் நான் உள்ளே உட்கார்ந்திருப்பதே எனக்குத் தெரிந்தது. மலையடிவாரத்தில் இறக்கிவிட்டதும் நழுவியிருக்கலாம். ஆனால் பயிற்சி கொடுக்க வந்த தென்றல் மேடம், சின்ன வயசுப் பெண், பதிவேட்டைப் பார்த்துப் பிரசாத் என்று உரக்கக் கூப்பிட்டார். நாலு மாசமாக அந்தப் பேரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. பதில் வராமல் அடுத்த பேருக்குப் போய்விடுவாரே என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் எப்படி நிறுத்துவது? ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தோட்ட வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பத்து நாளும் போனேன். பட்ட மரத்தை வெட்டாதே, அதில் ஆந்தை குடியிருக்கும். புல்லுக்கு நெருப்பு வைக்காதே. எங்கிருந்தோ கொண்டுவந்து நடுவதற்கு முன்னால், இந்த மண்ணில் தானாக முளைத்தது எது என்று பார். இப்படிப் பாடம். மலையைக் கெடுப்பது எது என்று மேடம் கேட்டதற்கு எல்லோரும் ஒரே குரலில் ஆடு என்றார்கள். பதினோரு ஆடு வைத்திருக்கிற நான் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் மரம் அடையாளம் காட்டுவதில் நான்தான் முதல். ஆடு இந்தத் தழையைத் தின்னுமா, மோந்துவிட்டுப் போய்விடுமா என்று யோசித்தால் பேர் தானாக வந்துவிடும். ஆத்தி, வெப்பாலை, உசிலை, ஒன்றும் தப்பவில்லை. நான் சொல்லச் சொல்ல மேடமே எழுதிக்கொண்டார்.

ஆறாம் நாள் சாப்பிடும்போது மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயாவுக்குப் பசங்க எத்தன பேருங்க?"

"ஒரே பையம்மா."

"பேரு?"

எனக்கு வேறு பேர் தோன்றவில்லை மைத்துனரே. "ஆதிமூலம்" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன பண்றாரு?"

"ஆடு மேய்க்கிறான்."

அடுத்த பயிற்சிக்கு அவரையும் அனுப்புங்கள் என்றார். அவனுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்ப் பாறைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். அவள் தினமும் அரிசி எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் ஒளிக்கிறவனை என்ன சொல்வது. தங்கம்மாள் அதை எதிர்வீட்டுப் பொன்னியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். திரு. பிரசாத் அவர்கள் பயிற்சியைச் சிறப்பாக நிறைவு செய்துள்ளார் என்று பொன்னி படிக்க, உங்கள் தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். நான் வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "உங்களுக்குன்னு ஒரு பேர் இல்லயா? எம்புள்ள பேரயா எடுத்துக்கினு போனீங்க?" அதோடு பேச்சு நின்றது.

ஆகையால், எனக்கு ஆபீசில் பேச வராது, நீங்கள் ஒரு எட்டு வந்து வேங்கிக்காலில் நடந்ததைச் சொல்லி, அந்தப் பேரை அடித்துவிடச் சொல்ல வேண்டும். தொப்பியையும் நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தங்கையையும் ஒரு மாசம் உங்களோடு அழைத்துப் போங்கள். இந்த வீட்டில் அவளுக்கு மனசு ஆறாது.

வீட்டில் பெரியவர்கள் காலுக்கு என் வணக்கம், குழந்தைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிமூலம்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் ஜீப் சத்தம். தென்றல் மேடம். தெற்குச் சரிவில் எந்த மரத்து விதை போடலாம் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறார். நான் கொல்லைப் படலுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பிரசாத் இருக்கிறாரா என்று அவர் தங்கம்மாளிடம் கேட்டார். எல்லாம் உடையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "மலைக்குப் போயிருக்கான்மா, வந்துடுவான். உள்ள வந்து மோர் குடி" என்றாள். என்னைச் சொல்வதானால் போயிருக்காரு என்றுதான் சொல்லுவாள். மேடம் அதைக் கவனித்தாரோ இல்லையோ, உட்கார்ந்து மோர் குடித்தார். தங்கம்மாள் அந்தப் பயிற்சியில் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் அப்படியே இருக்கட்டும்.