ஆட்டோவை எதிர்த்த நகர்நடைப் படலம்

வாழ்க கஜேந்திரன்! பனிபோர்த்த குன்றுகள் காவல்நிற்கும் மாத்தளை மாநகரில், கால்கள் இரண்டையே முதலாக்கி, வழிகாட்டு நகர்நடைச் சுற்றுலா எனும் முன்பின் எவரும் அறியாப் பெருந்தொழிலைத் தொடங்கிய தனிப்பெருந் தீரன். வேர்வை வழியினும் விளக்கவுரை நில்லா நாவினன். சிவப்புக் குடையைச் செங்கோலாய் ஏந்திய கையினன்! அவன் சமர் பாடப் புகுந்தேன். திருகோணமலை வீதியின் தூசித் தெய்வமே, தொண்டைக்குள் இறங்காமல் என் நாவில் மட்டும் வந்து அமர்வாயாக.

போரின் காரணம் கேண்மின். நடையிலே நாட்டங்கொண்டு கடல்கடந்து வந்த செருமானியத் தம்பதியர், முத்துமாரியம்மன் கோயில் வாசலிலிருந்து அலுவிகாரைக் குகைகள்வரை நடந்தே ஊர்காண அவனை அமர்த்தினர். முதல் வாடிக்கையாளர்கள்! அவர்கள் உளம்மகிழ்ந்து இணையவெளியில் ஐந்து நட்சத்திரம் பொழிந்தால் தொழில் பிழைக்கும். பொழியாவிடில், திங்கட்கிழமை முதல் தமது இரும்புக்கடைக்கு ஆணி நிறுக்க வந்துவிட வேண்டுமென மாமனார் இராசமாணிக்கம் ஆணையிட்டிருந்தார்.

புறப்பட்டது படை. எதிர்த்து நின்ற பகை யாது? கள்வர் கூட்டமா, குளவிக் கூட்டமா? அல்ல, அல்ல! கருணை ஐயா, கருணை! உச்சிவெயிலில் ஒருவர் நடந்து போனால், பாவம், பஸ்ஸைத் தவறவிட்டார் அல்லது பர்ஸைத் தொலைத்தார் என்றே உருகும் ஊர் அது. அதிலும் விருந்தாளியை வெயிலில் நடக்கவிடுவதா? ஊர் மானம் என்னாவது?

நீலநிற முச்சக்கர ரதம் உறும, அடுத்த வீட்டு ஸியாம் களம்புகுந்து முழங்கினான்.

"அல்லாவே! என்னா மச்சான், இந்த வெள்ளைக்காரங்கள வெயில்ல போட்டு நடத்துற? ஏறச் சொல்லு! சல்லியே வேணாம்!"

"ஏற மாட்டாங்க! நடக்கத்தான் வந்திருக்காங்க!" என்று குடையுயர்த்திக் கர்ச்சித்தான் நம் கோமான். ஸியாமோ நம்பவில்லை, கல்யாண வீட்டில் இலைக்குப் பக்கத்திலேயே நிற்கும் பாயாச வாளிபோல் ஆட்டோவை அவர்கள் பக்கத்திலேயே உருட்டி வந்தான்.

அடுத்த முனையில், மிளகாய் அரைக்கும் ஆலையின் அதிபதி பரிமளம், இரு கைகளிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏந்தி வீதியை மறித்தாள். "அய்யோ, அந்தம்மா மொகம் தக்காளியா செவந்துருச்சே! ஒக்காருங்கம்மா, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க!"

அந்தோ! நாற்காலியில் அமர்ந்தவர் எழுவரோ? பதறிய கஜேந்திரன், எடுக்கவே கூடாத பிரம்மாஸ்திரத்தை எடுத்தான்.

"பரிமளக்கா, வெளங்காம பேசாதீங்க! நடக்கிறதுக்குத்தான் எனக்குக் காசே குடுத்திருக்காங்க!"

வீதி உறைந்தது. ஆலையும் நின்றது. அக்காளின் கண்கள் சிவந்தன, அரைத்த மிளகாயால் அன்று, அறச்சீற்றத்தால்.

"ரோட்டுல நடக்கிறதுக்கு காசு வாங்குனியா? அடப்பாவி! ஊரு பேரு தெரியாத மனுசங்கள இப்பிடியா ஏமாத்துவ?"

கெட்டது காரியம்! எய்த அஸ்திரம் எய்தவன் நெஞ்சிலேயே தைத்தது. கொதித்தெழுந்த கடைவீதி, கையைப் பிடிப்பாரும் முதுகைத் தாங்குவாருமாய்த் தம்பதியரை ஆட்டோவில் ஏற்றியது. இதுவும் சுற்றுலாவின் ஓர் அங்கமென்றே எண்ணிய அவ்வப்பாவிகள், கைகூப்பிப் புன்னகைத்துப் பறந்தனர். முதலில் ஸியாமின் உம்மா பீபியின் கைவண்ண வட்டிலாப்ப இனிப்பு, அப்புறந்தான் அலுவிகாரை. பின்னே, குடை ஒருபுறம் செருப்பு ஒருபுறமாக, வரலாற்று விளக்கங்களைக் கூவிக்கொண்டே ஓடினான் வீரன். கேட்டவை தெருநாய்கள் மட்டுமே. எனக்கே அழுகை வருகிறது.

மாலையில் வந்தது தீர்ப்பு. நட்சத்திரம் ஒன்றே ஒன்று! அதன்கீழ் இப்படி எழுதியிருந்தது: "ஊர் அருமை, ஆட்டோ அற்புதம், ஓட்டுநர் தங்கம், வழிகாட்டியைத்தான் வழியெங்கும் காணோம்."

திங்கட்கிழமை காலை கஜேந்திரன் ஸியாமின் ஆட்டோவில் ஏறி மாமனாரின் கடைக்குப் போனான்.